மாப்பிள்ளை கோர்தோபா பார்க்க வந்தார்

ரயிலை விட்டு இறங்கிய கையோடு, எங்கள் ஊரில் சல்மொரேஹோ எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று என் தங்கை புருஷன் கொன்சாலோ எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். தக்காளியையும் பழைய ரொட்டியையும் ஆலிவ் எண்ணெய் விட்டு அரைத்து, குளிரவைத்து, மேலே அவித்த முட்டையை உதிர்த்துத் தருகிற அந்தக் கெட்டிச் சாறு எங்கள் கோர்தோபாவின் சொத்து. நான் இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். அவன் மாட்ரிட்டில் லிஃப்ட் விற்கிறவன். இருந்தாலும் நடைமேடையில் நின்று, போகிற வருகிற ஜனமெல்லாம் கேட்கும்படி பேசினான்.

"மச்சான், நீங்க வழக்கமா போற கடை இப்ப சரியில்ல. ரொட்டிய அள்ளிப் போட்டு அரைக்கிறானாம். போன்ல அத்தனை பேரும் எழுதியிருக்காங்க."

"அப்படியா மாப்ள? எனக்குத் தெரியாமப் போச்சே," என்றேன்.

எங்கள் நாட்டில் தங்கை புருஷன் என்று சொன்னாலே கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். விருந்துக்கு வந்த இடத்தில் அடுப்படி வரைக்கும் வந்து, இறைச்சியை எப்படி வாட்ட வேண்டும் என்று வீட்டுக்காரனுக்கே பாடம் எடுக்கிற பிறவி என்று அதற்குப் பொருள். எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டுக்கு வாய்த்தது அதில் முதல் தரம். நேரில் 'வாங்க மாப்ள, சொல்லுங்க மாப்ள' என்பேன். மனதுக்குள் முப்பது வருஷமாக அவன், இவன்தான். அன்றும் பார்த்தேன், என் தங்கை அராசெலியின் கைப்பையை அவன் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். சிவப்பு நிறத்தில், தங்க வளையம் வைத்த பை. ஒரு ஆண்பிள்ளை அதை மாட்டிக்கொண்டு எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நடந்துவந்தால், கூட வருகிறவனுக்கும் சேர்த்துத்தான் மானம் போகிறது.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. சான் பசிலியோ பேட்டையில் உள்ள எங்கள் வீடு, அம்மா போனபிறகு எனக்கும் அராசெலிக்கும் பாதிப் பாதி. எங்கள் தெருவில் இரண்டு வீடுகளை ஏற்கெனவே வளைத்துப்போட்ட ஒரு ஹோட்டல் நிறுவனம் எங்கள் வீட்டையும் கேட்டது. என்னிடம் கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு மாட்ரிட்டுக்குப் போன் போட்டு அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அவள் முடியாது என்று சொல்லவில்லை. 'யோசிக்கிறோம்' என்றாளாம். அந்த 'றோம்' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? லிஃப்ட் விற்கிறவன் வீட்டையும் விற்கச் சொல்லியிருக்கிறான். அவளுடைய பங்கு போனால் என்னுடைய பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? கிணற்றின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஹோட்டல்காரன் என்று கோடு போட்டுக்கொண்டு வாழ முடியாது. அவள் கையெழுத்துப் போட்டால் எனக்கு வீடு இல்லை. அவ்வளவுதான் கதை.

அதனால்தான் மே மாதத்தில் கூப்பிட்டேன். மே மாதம்தான் எங்கள் பேட்டையில் முற்றங்களைத் திறந்துவிடுகிற திருவிழா. சுண்ணாம்படித்த சுவர்களில் தரையிலிருந்து கூரை விளிம்பு வரைக்கும் நீலத் தொட்டிகள், தொட்டி நிறைய ஜெரேனியமும் கார்னேஷனும், மூலையில் மல்லிகை, நடுவில் கிணறு. காலையிலும் மாலையிலும் கதவைத் திறந்து வைப்போம். ஊர் உலகமெல்லாம் வரிசையில் நின்று உள்ளே வரும், வாயைப் பிளக்கும், தன்னையே படம் எடுத்துக்கொள்ளும், அடுத்த வீட்டுக்குப் போகும். சிறந்த முற்றத்துக்குப் பரிசு உண்டு. நடுவர்கள் எந்த நேரமும் வரலாம். எங்கள் வீடு பலமுறை பரிசு வாங்கிய வீடு. வந்து, சுற்றிப் பார்த்து, நன்றாகச் சாப்பிட்டு, கடைகண்ணிக்குப் போய், கடைசியில் பூத்துக் குலுங்குகிற தன் சொந்த முற்றத்தில் நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு இளகாது? இப்படிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முதல் நாள், வாசலைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்காரியை உட்காரவைத்துவிட்டு இருவரையும் மெஸ்கீத்தாவுக்குக் கூட்டிப்போனேன். பள்ளிவாசலாகக் கட்டி, நடுவயிற்றைக் கிழித்துத் தேவாலயத்தைச் செருகிய கட்டடம். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அங்கே டிக்கெட் கிடையாது, அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நான் என் அட்டையை எடுத்து நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அராசெலி அவள் புருஷனோடு டிக்கெட் வரிசையில் நிற்கிறாள்.

"உனக்கு எதுக்குடி டிக்கெட்? அட்டைய காட்டு, பொறந்த ஊர் போட்டிருக்கும்ல?"

"இருக்கட்டும்ணே. ரெண்டு டிக்கெட்டாவே வாங்கிக்கிறோம்."

மாட்ரிட் கௌரவம், புருஷன் ஊட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் அவன் ஆரம்பித்துவிட்டான். "இந்தத் தூணெல்லாம் ரோமாக்காரன் வெட்டுனது மச்சான். அரபுக்காரன் சும்மா எடுத்து நட்டான், அவ்வளவுதான்." பாதி உண்மை. முழுப் பொய்யாக இருந்தால் மறுத்துப் பேசலாம், இந்தப் பாதி உண்மைக்காரர்களை என்ன செய்வது? முப்பது வருஷம் நான் பாடம் நடத்திய தூண்களுக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையுமான வளைவுகளின் கீழே, கைப்பையை மாட்டிக்கொண்டு அவன் எனக்குப் பாடம் நடத்தினான். பின்னால் வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் அவனை வழிகாட்டி என்று நினைத்து எங்களோடேயே நடக்க ஆரம்பித்தது. அவன் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். அராசெலி ஒரு தூணில் சாய்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், கூச்சத்தில் நெளிகிறாள் என்று எனக்குப் பட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு என் வழக்கமான கடைக்கே கூட்டிப்போனேன், வேண்டுமென்றேதான். அவன் சல்மொரேஹோவை ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடி, "ரொட்டி," என்றான். தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் வந்தது. தேனைத் தனியாகக் கிண்ணத்தில் கொண்டுவரச் சொன்னான், இல்லாவிட்டால் மொறுமொறுப்புப் போய்விடுமாம். பரிமாறுகிற ஃபெர்மின் என்னோடு பள்ளியில் படித்தவன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கேட்டான்.

"ஐயாவுக்கு மாட்ரிட்டோ?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

"இங்க உள்ளவங்கன்னா சாப்பிடுவாங்க."

எனக்கு ஒயின் மூக்கில் ஏறிவிட்டது. கொன்சாலோவும் சிரித்தான், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாத ஆளைக் கேலி செய்வதில் சுகமில்லை. தெரிந்தும் சிரிக்கிற ஆளை என்ன செய்வதென்று எனக்குப் புரிந்ததே இல்லை. அராசெலி மாட்டுவால் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்றாள், இடது கையால். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இளகுகிற அடையாளம் எங்காவது தெரிகிறதா என்று.

சாயங்காலம் கடைத்தெரு. எங்கள் ஊர்த் தோல் வேலைக்கு ஒரு காலத்தில் ராஜாக்கள் காத்திருந்தார்கள். இப்போது யூதத் தெருவில் வரிசையாகத் தொங்குவதில் முக்கால்வாசி இயந்திரத்தில் அழுத்திய பூ. கொன்சாலோ ஒரு கடையையும் விடவில்லை. தோலை முகர்ந்து பார்க்கவில்லை, தையலைப் புரட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பையையும் எடுத்து விரலில் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தான்.

"வெயிட்டே இல்லாம வேணும். இடது பக்கமா மாட்டுற மாதிரி, பட்டை அகலமா இருக்கணும்," என்று கடைக்காரியைப் படுத்தி எடுத்தான்.

தோல் பையை எடை பார்த்து வாங்குகிற முதல் மனிதனை அன்றுதான் பார்த்தேன். காய்கறியா வாங்குகிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான், இருப்பதிலேயே மட்டமான தோல். அராசெலி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் ஒருமுறை திரும்பினாள். "நல்லா இருக்கு கொன்சா," என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. என்னுடைய நாள். கதவைத் திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனை ஆரஞ்சு மரம் வரைக்கும் நீண்டிருந்தது. உதிர்ந்த இதழ்களைப் பொறுக்கி, கிணற்று வளையத்தைத் துடைத்து, அம்மா உட்காருகிற பிரம்பு நாற்காலியில் அராசெலியை உட்காரவைத்தேன். முற்றம் அன்று என் கண்ணுக்கே மிதமிஞ்சித் தெரிந்தது. ஒரு தொட்டியில்கூடப் பழுத்த இலை இல்லை. கொன்சாலோ ஒரு மூலையில் நின்று, வருகிறவர்களுக்கு இது ரோமாபுரி வீட்டு அமைப்பு என்று விளக்க ஆரம்பித்திருந்தான். நடுவர்கள் வந்தால் அவனை எந்த அறைக்குள் தள்ளிப் பூட்டுவது என்று யோசித்துக்கொண்டே நான் ஆட்களை உள்ளே விட்டேன்.

வருகிறவர்கள் எல்லாருக்கும் பிடித்தது நீர்க்கழி. உயரத்தில் தொங்குகிற தொட்டிகளுக்கு எங்கள் பேட்டையில் தண்ணீர் ஊற்றுவது அதைக் கொண்டுதான். ஆள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு நீளமான நாணல் கழி, அதன் நுனியில் ஒரு தகர டப்பா. கிணற்றடித் தொட்டியில் முக்கி, சிந்தாமல் நிமிர்த்தி, சுவரோரமாக உயர்த்தி, மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் தண்ணீர் செடியின் அடியில் விழும். சொல்வது சுலபம். உண்மையைச் சொன்னால் இந்த இரண்டு வருஷமாக அந்தக் கழிக்கு வேலை இல்லை. அம்மா இறந்த வசந்தத்திலேயே ஆளைக் கூப்பிட்டுத் தொட்டிகளுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் மெல்லிய குழாய்களை ஓடவிட்டுவிட்டேன். விடிகாலையில் தானாகத் திறந்து, சொட்டுச் சொட்டாக ஊற்றி, தானாக மூடிக்கொள்ளும். போட்டி விதியில் அதைப்பற்றி என்ன இருக்கிறது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. கழியைத் துடைத்து, பிடிக்குமிடத்தில் பச்சை நாடா சுற்றி, எல்லாரும் பார்க்கும்படி கிணற்றில் சாய்த்து வைத்திருந்தேன்.

முற்றம் நிறைந்திருந்த நேரம் பார்த்து அதை எடுத்தேன். இதைத்தான் கடைசிக்கென்று வைத்திருந்தேன்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க பாருங்க! இது என் தங்கச்சி அராசெலி. மாட்ரிட்ல இருந்து வந்திருக்கா. இந்தக் கழியப் புடிச்சு வளந்த பொண்ணு. எங்க வீட்டுல தண்ணி ஊத்துறதுல இவள அடிச்சுக்க ஆளே கிடையாது!"

கழியை அவளிடம் நீட்டினேன். கொன்சாலோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "மச்சான், வேணாம் மச்சான்," என்று வந்தான். அவனுக்குப் பயம், நான் ஜெயித்துவிடுவேன் என்று. அராசெலி கழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு புதுப் பையைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

என்ன கை அது! டப்பாவை முக்கினது தெரியவில்லை, நிமிர்த்தினது தெரியவில்லை. கழி காற்றில் நேராக எழுந்து கூரை விளிம்புத் தொட்டிக்கு மேலே போய் நின்று, ஒரு சின்னத் திருப்பு. கீழே ஒரு துளி சிந்தவில்லை. கூட்டம் கை தட்டியது. போன்களெல்லாம் உயர்ந்தன. என் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக. இதோ, இவள் எங்கள் வீட்டுப் பெண், இவளையா மாட்ரிட்காரன் வைத்துக்கொள்வது என்று நெஞ்சு விம்மியது.

அவள் அடுத்த தொட்டிக்கு ஊற்றினாள். மறுபடி கைதட்டல். அதற்கடுத்த தொட்டி. பிறகு அதற்கடுத்தது. ஜனங்கள் போதும் என்ற முகத்தோடு சிரித்தபடி விலக ஆரம்பித்தார்கள், அவள் நிறுத்தவில்லை. யாரையும் பார்க்கவில்லை. முக்குவாள், நிமிர்த்துவாள், ஊற்றுவாள், ஓரடி நகருவாள். நடுவில் நின்றவர்கள் தாமாக ஒதுங்கினார்கள், ஒதுங்காத ஒரு அம்மாளின் தொப்பியில் தண்ணீர் விழுந்தது. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. தொட்டிகளில் ஏற்கெனவே விடிகாலைத் தண்ணீர் நிறைந்திருந்ததால், ஊற்ற ஊற்ற வழிந்தது. நான் ஏப்ரலில் அடித்த வெள்ளைச் சுவரில் ஒவ்வொரு தொட்டியின் கீழேயும் சேறு கோடு கோடாக இறங்கியது. "போதும் அராசெலி, அருமை, போதும்," என்று சிரித்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். நடுவர்கள் அந்த நேரம் வந்திருந்தால் தலையில் துண்டுதான். அவள் முற்றம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் கழியைக் கிணற்றில் சாய்த்தாள். வலது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தினேன். சமையலறையில் கொன்சாலோ அவள் சட்டையின் தோளை இறக்கிவிட்டு ஏதோ களிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அறையெல்லாம் கற்பூர வாடை. சுவரில் சேறு இறங்கிய எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் காரியம்தான் பெரிது என்று, மேசையில் எதிரே உட்கார்ந்தேன்.

"பாத்தியா, உன் கை மறக்கவே இல்ல. இந்த வீடு உன் ரத்தத்துல இருக்குடி. இதப் போயி ஹோட்டல்காரனுக்குக் குடுக்க மனசு வருமா?"

"வரும்ணே," என்றாள். "திங்கக்கிழமை அவங்களுக்குச் சரின்னு சொல்லப் போறேன்."

நான் அவளைப் பார்க்கவில்லை. நேரே அவனைப் பார்த்தேன். முப்பது வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"நெனச்சேன். இது உங்க வேலைதானே மாப்ள? பொண்டாட்டி வீட்டு சொத்த வித்துத் திங்கணுமா? லிஃப்ட் வித்தது பத்தலையா உங்களுக்கு?"

கொன்சாலோ களிம்பு டப்பாவை மெல்ல மூடினான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. இப்போது பேசுவதற்கு வார்த்தை தேடினான்.

"மச்சான்... நான் விக்க வேணாம்னுதான் சொன்னேன். ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் இந்த முற்றத்து படத்த காட்டி நம்ம வீடுன்னு பீத்திக்கிறவன் நான். போன கிறிஸ்துமஸுக்குக்கூட இவகிட்ட கெஞ்சினேன். இவதான் கேக்கல."

"பொய்."

"அவரு பொய் சொல்ல மாட்டாருண்ணே," என்றாள் அராசெலி. "தப்பாச் சொல்லுவாரு, நெறையத் தப்பாச் சொல்லுவாரு. பொய் சொல்ல மாட்டாரு."

சட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், அம்மாவின் கோபத்தையே சமாளித்தவன். வீட்டில் வேலைக்கு வந்த ஆளிடம் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"மே மாசம்னா எனக்கு என்னன்னு தெரியுமாண்ணே உனக்கு? விடியறதுக்கு முன்னாடி ஒரு சுத்து, பொழுது சாஞ்சா ஒரு சுத்து. நடுவுல பள்ளிக்கூடத்துல தூங்குவேன். டீச்சர் எழுப்பி எழுப்பி விட்டுட்டாங்க. நர்ஸிங் பரீட்சை ஜூன்ல வரும். நான் மே முழுக்க கழியப் புடிச்சுட்டு ஜூன்ல போயி என்ன எழுதுவேன்? உன்னை அம்மா ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. 'அவனக் கூப்பிடாத, படிக்கிறான்'னு சொல்லும். முதல் பரிசு வந்தப்ப மேடைக்கு நீதான் போன. புதுக் கோட்டு தைச்சாங்க உனக்கு. நான் வரல, தண்ணி ஊத்துற நேரம்."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தானே இருந்துச்சு? இந்தத் தெருவுல எந்தப் பொண்ணு ஊத்தல?"

"ஆமா. அதான் ரெண்டு வீட்டுக்காரங்க வித்துட்டாங்க."

கொன்சாலோ எழுந்து தண்ணீர் பிடித்து அவள் முன்னால் வைத்தான், இடது கைப்பக்கமாக. அவளுடைய வலது தோள் கம்ப்யூட்டர் வேலையில் போனது என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"மண்ணு ஈரமா இருந்துச்சு," என்றாள், தம்ளரைப் பார்த்தபடி. "முதல் தொட்டியிலயே தெரிஞ்சுபோச்சு. பின்னாடி குழாய் போட்டிருக்க."

நான் மேசைவிரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன்.

"நான் ஊத்துன வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தருக்கும் குழாய்னு ஒண்ணு தோணலண்ணே. நான் போனப்பறம் அம்மா முட்டி தேயத் தேய ஊத்துச்சு, அப்பவும் தோணல. உன் கைக்கு வந்துச்சு, ஒரு வசந்தத்துல குழாய் வந்துருச்சு."

"அதெல்லாம் இப்பதானே புதுசா..." என்று தொடங்கினேன். சொட்டுநீர்க் குழாயின் வரலாறு எனக்குத் தெரியும். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே ஆற்றோர ஆரஞ்சுத் தோப்புகளில் அது ஓடிக்கொண்டிருந்தது.

"நீ என் பங்கையும் வாங்கிக்க முடியும்னா வாங்கிக்கோ, எனக்குச் சந்தோஷம்தான். முடியலன்னா அவங்க வாங்கட்டும். ஹோட்டல்காரன் மோசமில்லண்ணே. தண்ணி ஊத்த ஆள் வெச்சு சம்பளம் குடுப்பான்."

என் ஓய்வூதியத்தில் அவளுடைய பங்கில் கிணற்று வளையத்தைக்கூட வாங்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொன்சாலோ இரண்டு முறை வாயைத் திறந்தான். "கொஞ்ச நாள் ஆறப்போடலாமே," என்று கடைசியில் சொன்னான். எனக்காகப் பேசுகிறான். என் வாழ்நாளில் எனக்கு நேர்ந்த அவமானங்களிலேயே பெரியது அதுதான். அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்து, "பெட்டிய எடுங்க, நாளைக்கு வரைக்கும் வேணாம், இன்னைக்கே போயிரலாம்," என்றாள்.

ஆறு மணிக்கு மறுபடியும் கதவைத் திறக்க வேண்டும். போட்டியில் பெயர் கொடுத்த வீடு, திறந்தே ஆக வேண்டும். ஈரத்துணியால் சுவரைத் துடைத்துப் பார்த்தேன், சேறு இன்னும் அகலமாகப் பரவியதுதான் மிச்சம். கதவைத் திறந்ததும் வரிசை சலசலத்தது. காலையைவிட நீளம். அவர்கள் இருவரும் வெளியே போக, நான் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டேன். அராசெலி என் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் வைத்தாள், எப்போதும் போல. "உடம்பப் பாத்துக்கோண்ணே," என்றாள். நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போடாதே என்று தெருவில் வைத்தாவது கெஞ்சியிருக்கலாம். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை.

வரிசையின் முன்னால் நின்ற பெண், வெயிலில் முகம் சிவந்து, விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வருகிறவள் என்று நினைத்து அராசெலியை நிறுத்தினாள்.

"இவ்வளவு நேரம் நின்னதுக்கு உள்ள பாக்க நல்லா இருக்குங்களா?"

அராசெலி ஒரு தடவை திரும்பி, என் தோளுக்கு மேலே, தொட்டிகளைப் பார்த்தாள்.

"பாக்கலாம்ங்க. அஞ்சு நிமிஷம் போதும்."

அவர்கள் வரிசையை ஒட்டியே நடந்தார்கள். கல் பாவிய தெருவில் பெட்டியின் சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டது. பாதித் தெருவில் கொன்சாலோ நின்று, எதிர்வீட்டு மாடத்தைக் கைகாட்டி, வரிசையில் நின்ற யாருக்கோ எதையோ விளக்க ஆரம்பித்தான். தப்பாகத்தான் இருக்கும். அராசெலி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் நடந்துகொண்டே, பின்னால் திரும்பித் திரும்பி, விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது அவள் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையை அண்ணாந்து, தெருவே அதிர. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். நான் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். விசிறிக்காரி என்னைத் தாண்டி உள்ளே போய், சுவரில் இறங்கியிருந்த சேற்றுக் கோடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.